திறந்தவர்தான் மூட வேண்டும்

அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில், குழாய்கள் ஓடும் கூரைக்குக் கீழே, வரிசையாகச் சில நாற்காலிகளும் அவற்றின் எதிரே சில கணினிகளும் இருந்தன. ஊரில் எந்த மின்தூக்கி நடுவழியில் நின்றாலும், உள்ளே அகப்பட்டவர் அபாய மணியை அழுத்தினால், அவருடைய குரல் வந்து சேருமிடம் அதுதான். அழைப்பை எடுப்பவருக்கு இரண்டு கடமைகள். வாயால் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். கையால் கணினியில் அந்த மின்தூக்கியின் பக்கத்தைத் திறந்து, கதவு, கம்பி, பிரேக் என்னும் தடை, பளு என்று ஒவ்வொன்றின் நிலையையும் பார்க்க வேண்டும். எல்லாம் பச்சையாக இருந்தால் பக்கத்தின் அடியில் ஒரு பொத்தான் தோன்றும்: 'அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டு செல்'. அதை அழுத்தினால் பெட்டி மெல்ல அசைந்து அடுத்த வாசலில் போய் நின்று கதவைத் திறந்துவிடும். ஒன்றாவது சிவப்பாக இருந்தால் மெக்கானிக் நேரில் போயாக வேண்டும்.

கடைசி நாற்காலியில் இருந்தவனை அறையில் எல்லாரும் தம்பி என்றே அழைத்தார்கள். முன்னந்தலையில் வழுக்கை விழத் தொடங்கிய பிறகும் அந்த அழைப்பு மாறவில்லை. அவனுடைய குரல் அப்படி. கதவை உதைத்துக் கத்துகிறவர்கள்கூட அவன் நாலு வார்த்தை பேசியதும் தணிந்து, தங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இந்தத் திறமைக்கு வீட்டில் மரியாதை இல்லை. அவனுடைய அக்காள் கணவர் கதவும் நிலையும் செய்யும் தச்சர். "மச்சானுக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு அழறவங்களுக்குத் தாலாட்டுப் பாடற வேலை" என்பார். அவர் தம் வாழ்நாளில் மின்தூக்கியில் ஏறியதில்லை. எத்தனை மாடியானாலும் கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியில்தான் போவார். கேட்டால் சொல்வார்: "உள்பக்கம் கைப்பிடி இல்லாததை நான் கதவுன்னே ஒத்துக்க மாட்டேன்."

அன்று முற்பகல் தம்பியின் காதில் மணி ஒலித்தது. அழைப்பு வந்தது ஒரு மருத்துவமனையின் பழைய கட்டடத்திலிருந்து, பார்வையாளர்கள் ஏறும் மின்தூக்கியிலிருந்து.

"வணக்கம், லிஃப்ட் உதவி அறை. பயப்படாதீங்க, நீங்க பத்திரமா இருக்கீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது.

"ஒருத்தன்தான். ஆனா அந்த ஒருத்தனும் ரொம்ப நேரம் தாங்க மாட்டான். இரு, இந்தக் குரல்... மச்சான், நீயா?"

"அத்தான்? நீங்க எப்படி லிஃப்ட்ல?"

"அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அன்று காலை அவனுடைய அக்காவுக்கு அதே மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை. வேலை முடிந்து மாலையில் போய்ப் பார்ப்பதாக அவன் சொல்லியிருந்தான்.

"ஆபரேஷன் சீக்கிரமே முடிஞ்சிருச்சாம்" என்றார் அத்தான். "நல்லபடியா முடிஞ்சிருச்சு. இப்ப மயக்கம் தெளியற நேரம். நான் என்ன பண்ணினேன்னா, அவளை உள்ள கூட்டிட்டுப் போறப்ப நர்ஸ் கழட்டிக் குடுத்த காது மெஷினை, தினமும் ராத்திரி வைக்கிற மாதிரி, வீட்டுல கொண்டுபோய் அதோட டப்பாவுல வச்சுட்டேன். பழக்கதோஷம். போன் வந்ததும்தான் உறைச்சது. எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். படியேறினா லேட்டாயிடுமேன்னு இந்தச் சனியன்ல ஏறினேன். இப்ப மெஷின் என் சட்டைப் பையில இருக்கு. அவ மேல இருக்கா."

இதற்கு மேல் அவர் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அக்காவின் செவியை அடைத்துவிட்டது. கருவி இல்லாமல் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. வீட்டிலும் கடைத்தெருவிலும் உதட்டசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். ஆனால் மருத்துவமனையில் எல்லாரும் வாயைத் துணியால் மூடியிருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றின்போது ஒரு முறை, கருவி கழற்றப்பட்டிருந்த நிலையில், அவள் மயக்கம் தெளிந்து பார்த்தபோது, தன்னைச் சுற்றிலும் கண்கள் மட்டும் இருந்தன. என்ன நடக்கிறது, குழந்தை பிழைத்ததா என்று கேட்கவும் முடியாமல், சொன்னால் விளங்கிக்கொள்ளவும் முடியாமல் கிடந்தாள். அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவேயில்லை. இந்த முறை அவள் கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: கண்ணைத் திறக்கும்போது என் காது என்னிடம் இருக்க வேண்டும்.

"இருங்க அத்தான். இதோ எறக்கிவிட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி அந்த மின்தூக்கியின் பக்கத்தைத் திறந்தான்.

அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அது வெறும் எழுத்தும் எண்ணுமாக, கஞ்சி போட்ட வேட்டி போல, இருந்தது. தட்டியவுடன் வந்து நிற்கும். அண்மையில் அலுவலகம் அதை அழகுபடுத்தியது. இப்போது ஒவ்வொரு மின்தூக்கியும் அசையும் படமாகத் தெரியும். பெட்டி ஏறும், இறங்கும், கம்பி சுற்றும், கதவு திறந்து மூடும். பார்க்கக் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்த அலங்காரத்தைச் சுமக்க, பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிக்கு மூச்சு முட்டும்.

பக்கம் பாதி வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட குழி தெரிந்தது. குழிக்குள் பெட்டி இன்னும் வரையப்படவில்லை. அதோடு எல்லாம் நின்றது. சுட்டி ஒரு வளையமாக மாறிச் சுழன்றது. பிறகு அந்த வளையமும் நின்றது. திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் எழுந்தது: 'இந்தப் பக்கம் பதிலளிக்கவில்லை. காத்திருக்கிறீர்களா, மூடுகிறீர்களா?'

தம்பி 'காத்திரு' என்பதை அழுத்தினான். கட்டம் மறைந்து, மீண்டும் அதே கேள்வியோடு வந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் அத்தான்.

"ஒண்ணுமில்ல. பக்கம் வந்துக்கிட்டிருக்கு."

"நீ பொய் சொல்றப்ப உன் குரல் இன்னும் இனிப்பாயிடுது, தெரியுமா?"

தம்பி மைக்கை மூடிவிட்டு மெக்கானிக்கை அலைபேசியில் கூப்பிட்டான். வண்டி பாலத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து, சாலை முழுக்கச் செங்கல். "பறந்துதான் வரணும் தம்பி" என்றார் மெக்கானிக். மருத்துவமனைக் காவலர்களுக்கோ, இரண்டு தளங்களுக்கு இடையே நிற்கும் பெட்டியின் கதவைத் தொட அனுமதி இல்லை.

அடுத்து அவன் கூப்பிட்டது கணினிப் பிரிவை. அந்தப் பிரிவு என்பது வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனிதர். எல்லாருடைய கணினிக் குறையையும் கேட்டுக் கேட்டு அவர் குரலில் ஒரு வறண்ட பொறுமை ஏறியிருந்தது. தம்பி ஒரு காதில் அத்தானையும் மறுகாதில் அலைபேசியையும் வைத்துக்கொண்டான்.

"பிரவுசர் உறைஞ்சிருச்சு சார். உள்ள ஆள் இருக்காங்க."

"பக்கத்து நாற்காலியில திறந்து பாக்கலாமே?"

"முடியாது சார். ஒரு லிஃப்டுக்கு ஒரு நாற்காலிதான். அழைப்பை நான் எடுத்ததால என் பேர்ல பூட்டிருச்சு. இன்னொருத்தருக்கு மாத்தற பொத்தானும் இந்தப் பக்கத்துலதான் இருக்கு."

"சாவியை உள்ள வச்சுப் பூட்டற வேலை" என்றார் கணினிக்காரர். "வேற பிரவுசர்ல?"

தம்பி அதையும் முயன்றான். 'இந்த நாற்காலி ஏற்கெனவே பணியில் உள்ளது' என்று பதில் வந்தது.

"சரி, பிரவுசரை மொத்தமா மூடுங்க. மூடலேன்னா வலுக்கட்டாயமா மூடுங்க. திரும்பத் திறங்க."

தம்பி அப்படியே செய்தான். திரை ஒருகணம் வெறுமையாயிற்று. மறுபடி திறந்தான். திரையின் உச்சியில், திறந்த பக்கத்தின் பெயர் தாங்கிய சிறு பட்டையாக, ஒரு தாவல் முளைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு சரசரவென்று, மழைக்கு முந்திய எறும்பு வரிசைபோல, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை தாவல்கள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் தன் மின்தூக்கியை வரையத் தொடங்கியது. குழி பாதி தெரிந்தது, வளையம் சுழன்றது, நின்றது.

"அதே இடம் சார்."

"அப்படியா?" என்றார் கணினிக்காரர். அவர் குரலில் முதல் தடவையாக அக்கறை தெரிந்தது. "கொஞ்சம் இருங்க, உங்க மெஷினை நான் இங்கேருந்தே பாக்கறேன்."

அதே நேரம் மற்றக் காதில் அத்தானின் மூச்சு குறுகத் தொடங்கியிருந்தது. "மச்சான், லைட்டு மங்குது. சுவரு கிட்ட வர மாதிரி இருக்கு. சுவரு வராதுன்னு தெரியும். ஆனா வருது."

"கண்ணை மூடிக்கிட்டுக் கீழ உக்காருங்க அத்தான். முதுகைச் சுவத்துல சாச்சுக்குங்க. கதவு பக்கம் காத்து வர சந்து இருக்கும். கையை வச்சுப் பாருங்க."

"இருக்கு. ஜில்லுன்னு வருது. இந்தக் கதவை எவன் மாட்டினான்? இழைச்சு விட்டிருக்கலாம்." தொழில் ஞாபகம் ஒரு நொடி அவரைத் தாங்கியது. பிறகு குரல் தழைந்தது. "ஏதாவது பேசு. உன் அக்கா உனக்குச் சொல்லுவாளே, நரி, நண்டுன்னு. அந்த மாதிரி ஏதாவது சொல்லு."

தம்பிக்கு எந்தக் கதையும் நினைவுக்கு வரவில்லை. உறைந்த திரையில் தாவல்கள் கரையில் ஒதுங்கிய சிப்பி ஓடுகள் மாதிரி ஒட்டிக் கிடந்தன. அதைப் பார்த்தபடி வாய்க்கு வந்ததைத் தொடங்கினான்.

"ஒரு நண்டு இருந்துச்சு. சங்குக்குள்ள குடியிருக்குமே, அந்த நண்டு. அது வளர வளரப் பழைய சங்கு பத்தாது. புதுசா ஒண்ணு தேடிப் போகும். ஆனா இந்த நண்டு பழைய சங்கை விடாது. ஒரு நாரால கட்டி முதுகுல போட்டுக்கும்."

"ஏன்?"

"யாராவது தேடி வந்தா என்ன பண்றதுன்னு. 'அந்த நண்டு இங்கதானே இருந்துச்சு'ன்னு கேட்டா காட்டணுமே."

"பைத்தியக்கார நண்டு."

"அப்படிச் சேர்த்துச் சேர்த்து, முதுகு நிறையச் சங்கு. ஒருநாள் அலை பின்வாங்கிப் போயிடுச்சு. நண்டு தண்ணிக்குப் போகணும். காலைத் தூக்குது, நகர முடியல—"

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். அவன் பார்வை திரையின் உச்சியில் குத்திட்டது. அதே கணத்தில் கணினிக்காரர் அலைபேசியில் கேட்டார்: "இத்தனை டேப் எதுக்கு? உங்க மெஷின் உயிரை இதுங்கதான் குடிக்குது. ஒவ்வொண்ணும் ஒரு லிஃப்டை உயிரோட வரைஞ்சுக்கிட்டிருக்கு. நீங்க மூடித் திறந்தாலும் 'கடைசியா விட்ட இடத்துலேருந்து தொடங்கு'ன்னு யாரோ செட்டிங் வச்சிருக்காங்க. அதான் பிசாசு மாதிரி எல்லாம் திரும்பி வருது. யார் வச்சது?"

அப்படிச் செய்தது அறையின் வழக்கம். அது கெட்ட எண்ணத்தில் பிறந்ததும் அல்ல. ஒருவரை மின்தூக்கியிலிருந்து மீட்ட பிறகும், மெக்கானிக் போய்ப் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை அதன் பக்கத்தை மூடாமல் கண்காணிக்க வேண்டும். முன்னொரு காலத்தில், வேலை மாறும் நேரத்தில் புதிதாக வந்த ஒருவர் இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று முந்தியவர் திறந்து வைத்ததை மூடிவிட்டார். ஒரு முதியவர் பெட்டிக்குள்ளேயே மறக்கப்பட்டார். தரை கூட்ட வந்த பெண் சத்தம் கேட்டுச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தார். அன்றிலிருந்து ஒரு விதி உண்டாயிற்று: திறந்தவர்தான் மூட வேண்டும். ஆனால் ஒரே நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். திறந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார், விடுப்பில் இருப்பார், வேலையையே விட்டுப் போயிருப்பார். பிறர் திறந்ததை மூடுவது இன்னொருவர் தட்டில் கை வைப்பதுபோல் ஆகிவிட்டது. நல்லெண்ணத்தோடு எல்லாரும் விட்டுவைத்தார்கள். அதே நல்லெண்ணத்தோடு, தவறி அணைந்தாலும் எல்லாம் திரும்பி வரும்படி கணினியை அமைத்தும் வைத்தார்கள்.

ஆள் இறங்கி, வீட்டுக்குப் போய், சம்பவத்தையே மறந்து போன பெட்டிகளையெல்லாம் அந்த உலாவி இன்னும் சுமந்துகொண்டிருந்தது. ஆள் இருக்கும் ஒரே பெட்டிக்கு அதனிடம் தெம்பு மிச்சமில்லை.

"எல்லாத்தையும் மூடினா உங்க பக்கம் வந்துடும்" என்றார் கணினிக்காரர். "ஆனா இப்ப உறைஞ்சு கிடக்கறப்ப மூட விடாது. ஒரு வழி இருக்கு. பிரவுசரை அணைங்க. பின்னாடி இருக்கற நெட் வயரைப் பிடுங்குங்க. அப்புறம் திறங்க. டேப் எல்லாம் வரும், ஆனா வரைய ஒண்ணும் கிடைக்காம வெத்துக் காகிதமா நிக்கும். அப்ப சுலபமா மூடலாம். செட்டிங்கையும் மாத்திட்டு வயரைச் சொருகுங்க."

தம்பி மேசைக்கு அடியில் பார்த்தான். சுவரிலிருந்து ஒரே ஒரு நீல வயர் வந்தது. அது கணினிக்கும் போயிற்று. அவன் தலையில் மாட்டியிருந்த தொலைபேசிக்கும் போயிற்று.

"சார், இதைப் பிடுங்கினா குரலும் போயிடும்."

"போயிடும்" என்றார் கணினிக்காரர். இந்த முறை அவர் கேலி ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் மேற்பார்வையாளர் அம்மா எழுந்து வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த அறையில் அதிகக் காலம் வேலை பார்த்தவர் அவர். விதியை எழுதி ஒட்டியவரும் அவரே. அவர் பேசியதைக் காட்டிலும் பார்த்ததே அதிகம்.

"எதை மூடப் போறீங்க?"

"எல்லாத்தையும் மேடம்."

"யார் யார் திறந்ததுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எப்படி மூடுவீங்க? அதுல ஒண்ணுல ஆள் இருந்தா?"

"இருக்க மாட்டாங்க மேடம்."

"இருக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் அந்தப் பெரியவரை விட்டாங்க."

தம்பி திரும்பி அவரைப் பார்த்தான். அவன் குரல் தணிந்தே இருந்தது. ஆனால் அழைப்பாளர்களிடம் பேசும் இனிப்பு அதில் இல்லை. "மேடம், உள்ள இருக்கறது என் அத்தான். அவர் பையில இருக்கறது என் அக்காவோட காது. நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். சீக்கிரம் சொல்லுங்க."

அம்மா அறையின் எதிர்ச்சுவரை நிமிர்ந்து பார்த்தார். அங்கே கணினிகள் வருவதற்கு முன்பிருந்தே ஒரு விளக்குப் பலகை தொங்கியது. ஊரின் ஒவ்வொரு மின்தூக்கிக்கும் ஒரு சின்ன விளக்கு. ஆள் உள்ளே அகப்பட்டு மணியை அழுத்தினால் மட்டும் எரியும். அவர் வெளியேறும்வரை அணையாது. தூசி படிந்த அந்தப் பலகையை யாரும் துடைப்பதுகூட இல்லை. அதில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா பலகையின் ஒவ்வொரு வரிசையையும் விரலால் காற்றில் தொட்டுக்கொண்டே போய் முடித்தார். வேறு எங்கும் வெளிச்சம் இல்லை.

"அவர்கிட்ட சொல்லிட்டு வயரைப் பிடுங்குங்க" என்றார்.

தம்பி மைக்கைத் திறந்தான். "அத்தான், கேளுங்க. உங்களைக் கொண்டுவரணும்னா நான் கொஞ்ச நேரம் போனை விட்டுப் போகணும். என் குரல் கேக்காது. லிஃப்டுக்குள்ள செல்லுக்கும் சிக்னல் வராது. யார் குரலும் கேக்காது. நீங்க மணியை அழுத்திக்கிட்டே இருங்க. முதல்ல பதில் வராது. அப்புறம் வரும்."

"ஒண்ணுமே கேக்காதா?"

"ஆமா அத்தான்."

"உன் அக்கா மாதிரி" என்றார் அவர். பிறகு, "சரி. போயிட்டு வா. அந்த நண்டை மட்டும் அப்படியே நிறுத்திட்டுப் போறியே, அது நியாயமா?"

தம்பி உலாவியை வலிந்து அணைத்தான். குனிந்து, நீல வயரின் கொண்டியை அமுக்கிப் பிடுங்கினான். காதில் இருந்த மூச்சு அறுந்தது. இதுநாள்வரை அந்த அறையில் அவன் எந்த அழைப்பையும் தானாகத் துண்டித்ததில்லை. காதுக்குள் விழுந்த அந்த அமைதி, ஏதோ அவனைத்தான் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது.

உலாவியைத் திறந்தான். தாவல்கள் வரிசை கட்டின. ஆனால் இந்த முறை ஒன்றும் வரையப்படவில்லை. ஒவ்வொன்றும் 'இணைப்பு இல்லை' என்று சொல்லிவிட்டு வெறுமையாக நின்றது. சுட்டி தாராளமாக நகர்ந்தது. அவன் முகப்புத் தாவலில் வைத்து வலப்பொத்தானை அழுத்தினான். 'மற்ற தாவல்களை மூடு' என்ற வரி வந்தது. அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். விரல் இறங்கவில்லை. எத்தனையோ பகல்களாக அவனும் தொடாமல் காத்து வந்த வரிசை அது.

அம்மா அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மவுஸின்மேல் இருந்த அவன் கையை மெல்ல நகர்த்தினார்.

"இந்த நாற்காலியில நானும் உக்காந்திருக்கேன் தம்பி. இடது பக்கம் இருக்கற பாதி நான் திறந்தது" என்றார். "நானே மூடறேன்."

அழுத்தினார். வரிசை முழுவதும் ஒரே மூச்சில் மறைந்தது. திரையின் உச்சியில் ஒற்றைத் தாவல் தனியாக, சற்றுக் கூச்சத்தோடு நிற்பதுபோல் நின்றது. அம்மா கையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மீண்டும் விளக்குப் பலகையைப் பார்த்தார். அதே ஒரு விளக்குத்தான்.

தம்பி அமைப்பை மாற்றினான்: இனித் தொடங்கும்போது முகப்பு மட்டும். வயரைச் சொருகினான். பக்கத்தைத் தட்டினான். குழி வந்தது. குழிக்குள் பெட்டி வந்தது. பெட்டி இரு தளங்களுக்கு நடுவே நின்றது. கதவு பச்சை. கம்பி பச்சை. தடை பச்சை. பளு, ஒரு மெலிந்த தச்சரின் பளு, பச்சை. மின்சாரம் ஒருகணம் தடுமாறியதில் நின்றிருக்கிறது. வேறு குறை இல்லை. அடியில் பொத்தான் எழுந்தது.

அதே சமயம் காதில் மணி ஒலித்தது.

"அத்தான்!"

"ஏன் கத்தற? நான் என்ன செவிடா?" குரலில் ஒரு சிரிப்பின் ஓரம் இருந்தது. "அந்த நண்டுக் கதையை நானே முடிச்சுட்டேன்."

"என்ன ஆச்சு நண்டு?"

"அத்தனை சங்கையும் வாடகைக்கு விட்டுட்டுக் கைவீசிக்கிட்டுக் கடலுக்குப் போயிடுச்சு."

தம்பி பொத்தானை அழுத்தினான். "பெட்டி அசையும். பயப்படாதீங்க. நிக்கும்வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

திரையில் அந்தப் படப் பெட்டி, அழகுபடுத்தியவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு அழகாக, மெல்ல மேலேறியது. காதில் ஒரு முனகல், ஓர் உராய்வு, பிறகு கதவு விலகும் ஓசை. "இது நான் போக வேண்டிய மாடி இல்ல" என்று அத்தான் யாரிடமோ சொல்வது கேட்டது. "படி எங்க இருக்கு?" செருப்புச் சத்தம் தடதடவென்று தூரமாகிப் போயிற்று. சுவரில் விளக்கு அணைந்தது.

ஆனால் தம்பிக்கு விடுதலை இல்லை. அக்கா கண்ணைத் திறந்துவிட்டாளா, சுற்றிலும் முகமூடிகளைப் பார்த்துத் திகைத்துக் கிடக்கிறாளா என்பதைக் காட்டும் பக்கம் எந்த உலாவியிலும் இல்லை. அவன் அலைபேசியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்த அழைப்புகளுக்கெல்லாம் தன் தணிந்த குரலில் பதில் சொன்னான். ஒரு பெண்மணி நாய்க்குட்டியோடு அகப்பட்டிருந்தார். அவரையும் நாய்க்குட்டியையும் இறக்கிவிட்டான். பக்கங்கள் தட்டியவுடன் வந்தன. கணினிக்காரர் கூப்பிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மெஷின் நல்லாயிருக்கு சார்" என்றான்.

கடைசியில் அலைபேசி அதிர்ந்தது. எடுத்தவுடன் அக்காவின் குரல், மயக்கத்தில் கொஞ்சம் குழறியது.

"டேய், சாப்பிட்டியா?"

"அக்கா, கேக்குதா?"

"கேக்காம என்ன? கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுச்சு. பக்கத்துல யாரோ ரயில் எஞ்சின் மாதிரி மூச்சு வாங்கற சத்தம். யாருடா இதுன்னு கண்ணைத் திறந்தா உன் அத்தான். மாடிப்படி பூரா ஓடியே ஏறி வந்திருக்கார், பாவம். லிஃப்ட்ல வந்திருக்கலாமேன்னு கேட்டா, முறைக்கிறார்."

பின்னணியில் அத்தானின் குரல் கேட்டது: "அவன்கிட்ட சொல்லு, உள்பக்கம் கைப்பிடி இல்லாததை நான் கதவுன்னே ஒத்துக்க மாட்டேன்னு."

"கேட்டியா?" என்றாள் அக்கா. "எத்தனை தடவை சொன்னாலும் உன் லிஃப்டை நம்ப மாட்டேங்கறார்."

"ஆமாக்கா" என்றான் தம்பி. "அவர் படியிலயே வரட்டும்."

அழைப்பை முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தான். மருத்துவமனை மின்தூக்கியின் பக்கம் இன்னும் திறந்திருந்தது. காலிப் பெட்டி கதவை விரித்துக்கொண்டு நின்றது. பாலத்திலிருந்து விடுபட்டு வந்த மெக்கானிக் பார்த்துவிட்டுச் சரியென்று சற்று முன்புதான் சொல்லியிருந்தார். வேலை மாறும் நேரமாகிவிட்டது. தன் முறைக்கு வந்தவர் பையை மேசைமேல் வைத்துவிட்டு, வெறிச்சென்றிருந்த திரையின் உச்சியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன இது, எல்லாம் எங்க போச்சு?"

"எல்லாரும் எப்பவோ வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றான் தம்பி. எழுந்திருப்பதற்கு முன், தான் திறந்த அந்த ஒரு பக்கத்தையும் தானே மூடினான்.